புள்ளியில் தொடங்கும் பெயர்கள்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
இரண்டாம் மாடியில் என் கடை.
போட்டோகொப்பி, லெமினேட்டிங், படிவம் நிரப்புதல்,
செத்த கொம்பியூட்டரிலிருந்து
எடுக்க முடிந்ததை எடுத்துக் கொடுத்தல்.

பியூலா ஸ்டூடியோ சவரிநாயகத்தார்
மாசியில் காலமானார்.
அவருடைய ஹார்ட் டிஸ்க்கை
மருமகன் பாண் பையில் சுற்றிக் கொண்டுவந்தார்.
"படம் கேட்டு ஆளுங்க வாறாங்க.
உள்ள என்னென்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

ஒரே கோப்புறை. பதினோராயிரம் முகம்.
தட்டித் திறந்தால்
திரை வெளுத்து நின்றுவிடுகிறது,
சிங்கமலைச் சுரங்கத்துக்குள்
சிக்னலுக்கு நிற்கிற ரயிலைப்போல.

அதனால் சி மொழியில் இருபது வரி.
opendir போய்க் கதவைத் தட்டும்.
readdir ஒவ்வொரு பெயராகக் கேட்கும்,
அடுத்தது, அடுத்தது,
இனி ஆளில்லை என்று வெறுமை வரும்வரை.
அகர வரிசை கிடையாது.
டிஸ்க் எவரை எங்கே இருத்தியதோ அந்த ஒழுங்கு.
யார் கண்ணையும் அது திறந்து பார்க்காது.
பெயர் கேட்பதோடு சரி,
மழை நாளில் செக்ரோல் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளைபோல.

எந்தக் கோப்புறையிலும்
அழைக்காமலே வருகிற இருவர் உண்டு:
ஒற்றைப் புள்ளி, அது தான்.
இரட்டைப் புள்ளி, தனக்கு மேலே இருப்பது.
இவர்கள் எதற்கு என்று
சோம்பலில் ஒரு வரி சேர்த்தேன்:
முதல் எழுத்து புள்ளியென்றால் தாண்டிப் போ.
எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

நோர்வூட் பக்கமிருந்து பவளராணி வந்தாள்.
தம்பியின் படம் வேண்டும், கருமாதி நோட்டீசுக்கு.
"ஐடென்டிட்டி கார்டும் அவனோட ஆத்துல போயிருச்சு.
இந்த ஸ்டூடியோவுலதான் எடுத்தான், மிஸ்."
யோகச்சந்திரன் என்று தேடினேன்.
இல்லை.
எழுத்தை மாற்றி, பிரித்து, சுருக்கித் தேடினேன்.
இல்லை.
"பரவாயில்ல" என்றாள்.
குடையிலிருந்து வடிந்த நீரை
தன் செருப்பாலேயே ஓரமாகத் தள்ளிவிட்டு
படியிறங்கினாள்.

பட்டியலை அச்சுக்குக் கொடுக்குமுன்
எண்ணிப் பார்த்தேன். கணக்கு உதைத்தது.
டிஸ்க் சொல்வதைவிட
இருநூற்றுப் பன்னிரண்டு குறைவு.
என் சோம்பல் வரியை அழித்தேன்.
மறுபடி ஓட்டினேன்.

வந்தார்கள்.
ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு புள்ளி,
பின்னால் ஊர், அதன் பின்னால் ஓர் எண்.
.அஞ்சலாதேவி_டிக்கோயா_200
.ரட்ணவேல்_பொகவந்தலாவ_60
.யோகச்சந்திரன்_நோர்வூட்_150

கிழவர் கடன் கொப்பி வைத்திருக்கவில்லை.
காசு தராதவனின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி.
யார் திறந்து பார்த்தாலும் கண்ணில் படமாட்டான்.
காசு வந்தால் புள்ளி போகும்.
உயிரில்லாத எழுத்துக்குத்தான் தலையில் புள்ளி
என்று ஐந்தாம் வகுப்பில் எழுதிப் பழகினோம்.
இங்கே தவணை சொன்னவனுக்கு.

ஓடினேன். நோர்வூட் பஸ் புகைவிட்டு உறுமிக்கொண்டிருந்தது.
"பவளராணி!"
கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தான்.

மேலே வந்து வெகுநேரம் பார்த்தாள்.
சட்டை இரவல், காது இரண்டும் தெரிய
தலை சீவியிருந்தார்கள்.
அழவில்லை. எண்ணில் விரல் வைத்தாள்.
"இது என்னது?"
சொன்னேன்.
போன் உறைக்குள்ளிருந்து
நூறும் ஐம்பதும் எடுத்து மேசையில் வைத்தாள்.
"யாருக்கோ சேரணும்ல."

மருமகனுக்கென்று உறையில் போட்டேன்.
கோப்பின் பெயரில் புள்ளியை அழித்தேன்.
ஒரு பைட் குறைந்தது.
ஒரு தமிழ் எழுத்துக்கே மூன்று பைட் வேண்டும்.

அவள் போனபின் பட்டியலை மெதுவாக உருட்டினேன்.
நூற்று எழுபதாவது:
.புனிதசீலி_ஹட்டன்_80
ஓ.எல். பரீட்சைக்கு எடுத்த படம்.
"நாளைக்குத் தாறேன் அங்கிள்" என்று சொன்னது
இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மருமகன் பட்டியல் வாங்க வந்தபோது
எல்லாவற்றையும் அச்சிட்டுக் கொடுத்தேன்,
அந்த ஒரு வரியைத் தவிர.
எண்பது ரூபாய் லாச்சியில்தான் இருக்கிறது.